நிறைந்தவர்

மார்ச் 3
மாமாவின் கல்லறைக்கல்லில் பெயருக்கு மேலே ஒரு சொல் வேண்டுமாம். இவர் தன் அப்பாவுக்கான அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். "நீதான் அகராதியைக் கட்டிக்கிட்டு அழறியே. உசத்தியா ஒண்ணு சொல்லு."

மார்ச் 4
பிரார்த்தனை முடித்து, அட்டை போன அகராதியோடு உட்கார்ந்தேன். பெருந்தகை, மேன்மகன், சான்றோர். கடைசிச் சொல் மனதில் நின்றது. சால் என்றால் நிறைதல். அதிலிருந்துதான் சால்பும் சான்றோரும். குணத்தால் நிறைந்தவர். எந்தக் குடும்பம், எவ்வளவு சொத்து என்று அதில் ஒன்றுமே இல்லை. பழைய காலத்தில் போர்வீரரையும் அப்படிச் சொன்னார்களாம். மாமாவும்தான் ஆறு வருஷம் போராடினார், பெற்ற மகளோடு.

இவருக்கு ஒரே சந்தோஷம். "சான்றோர்! நல்லா வெயிட்டா இருக்கு."

மார்ச் 5
நிறைந்தவரா?

மாமா படுக்கையில் இருந்தபோது நான் எழுதிய நோட்டை எடுத்தேன். மாத்திரை, தண்ணீர், புரட்டிப் படுக்கவைத்த நேரம். ஓரத்தில் தனியாகச் சில கோடுகள். "பாப்பா வந்துட்டாளா?" என்று அவர் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவரே வாசல் மிதிக்காதே என்று விரட்டிய மகள்தான் பாப்பா. பத்தொன்பது நாளில் பதினான்கு கோடு.

"மருந்து மயக்கத்துல உளர்றாரு, கண்டுக்காத" என்றார் இவர். நானும் கண்டுகொள்ளவில்லை. கோடு மட்டும் போட்டேன்.

மார்ச் 7
கல் செதுக்குகிறவர் வந்தார். "உளி வச்சுட்டா அழிக்க முடியாதும்மா." நாலு நாள் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 9
நாத்தனார் வந்தாள். ஆறு வருஷம் கழித்து. செருப்பு விடும் இடத்திலேயே நின்றாள்.

"அண்ணி, கடைசியில அப்பா என்னை ஒரு தடவையாவது கேட்டாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நினைவே இல்லம்மா அவருக்கு."

"ரோஷக்காரரு" என்று சிரித்தாள். மேசையில் கல்லுக்கான தாளைப் பார்த்தாள். "சான்றோர்னா என்ன அண்ணி?"

"நிறைஞ்சவர்னு அர்த்தம்."

"அப்ப சரிதான். நான் இல்லாமலே நிறைஞ்சுதானே இருந்தாரு."

நான் என்ன செய்தேன்? டீ போட்டேன்.

மார்ச் 10
கண்ணை மூடினால் வேண்டுதல் வரவில்லை. பதினான்கு கோடு வருகிறது.

மார்ச் 11
இவரிடம் சொல்லாமல் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணினாள். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். நோட்டின் பின்னட்டையில் அவளுடைய போன் நம்பர், என் கையெழுத்தில். அதையும் பார்த்தாள்.

"பதினாலு தடவை எழுதத் தெரிஞ்சுது. ஒரு தடவை போன் பண்ணத் தெரியலையா அண்ணி?"

கதவு மெதுவாகத்தான் மூடியது. நோட்டு அவளிடமே இருக்கட்டும்.

வந்து இவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். சாப்பிடாமல் எழுந்து போனார்.

மார்ச் 21
கல் நட்டாயிற்று. பெயர், இரண்டு தேதி. "மேல இடம் காலியா கிடக்கே" என்றார் கல் செதுக்குகிறவர். "கிடக்கட்டும்" என்றது நான் இல்லை, இவர்.

புது நோட்டு வாங்கியிருக்கிறேன். அதில், அவளுக்குப் போன் செய்த கோடு இன்றோடு ஒன்பது. எடுக்கவில்லை.