தார்ன்பரியின் கப்பலில் சேருவது பற்றி

டொலிடோ,
மார்ச் 1951

அன்பு மகன் ரேமண்டுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்காலைத் தவிர. அந்தக் கடற்கரைக் குளிரில் நீ நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவள் தினமும் வேண்டிக்கொள்கிறாள். கடையில் காலை வியாபாரம் பரவாயில்லை. உன் தங்கை லொரெய்ன் ஒரு டிராம்போன் வாசிக்கிறவனோடு சுற்றுகிறாள், அவன் சாப்பிடும்போதும் தொப்பியைக் கழற்றுவதில்லை, இதற்கு மேல் அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை அம்மா சத்தமாக வாசித்தாள். கொரியாச் சண்டைக்காகக் கமாண்டர் தார்ன்பரிக்கு மறுபடியும் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கொடுத்திருக்கிறார்கள், அவர் தன் கப்பலுக்கு உன்னைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறார், நீ சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டு நின்றதில் அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கு முழுவதும் கருகிப்போனது. பசிபிக் வீரர், எதிரியின் வயிற்றைக் கலக்கியவர் என்று அங்கே உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் யார் வயிற்றைக் கலக்கினார் என்பது போன போரில் அவர் கப்பலில் அவருக்குச் சமைத்துப் போட்ட எனக்குத் தெரியும். முட்டை கொஞ்சம் வெந்துவிட்டால் தட்டைத் திருப்பி அனுப்புவார். தூரத்தில் ஒரு புகை தெரிந்தால் கப்பலையே திருப்பிவிடுவார். மற்ற கமாண்டர்கள் பெரிஸ்கோப்பைத் தூக்கிக் கப்பலைக் கண்ணால் பார்த்து அடித்தார்கள். நம்மவர் ஆழத்தில் பதுங்கிக்கொண்டு, காதில் விழுந்த சத்தத்தை நோக்கி டார்பிடோவை விடுவார். எங்கேயோ ஒன்று வெடிக்கும். அது வழியிலேயே தானாக வெடித்துத் தொலைந்தது என்று டார்பிடோ அறையில் இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவர் மேலே போய்ப் பார்க்காமலேயே எனக்கு ஆள் அனுப்புவார். எதிரிக் கப்பல் ஒன்று மூழ்கினால் சமையல்காரன் கேக் செய்ய வேண்டும், அது எங்கள் வழக்கம்.

இதுவரை சொன்னது சிரிப்பு. இனிமேல் சொல்வதைச் சாப்பாட்டு மேஜையில் பேச முடியாது என்பதால்தான் உன்னிடம் பேசியதில்லை. ஒரு நாள் விடியற்காலை கடல் மட்டத்தில் போய்க்கொண்டிருந்தோம். மேல்தளத்தில் தார்ன்பரி, அவருக்குப் பின்னால் உயரத்தில் நின்று காவல் பார்க்கும் பெல், லீராய் ஹாஸ்கெட் என்ற இருவர். கப்பல் முங்கும்போது காவல்காரர்கள் முதலில் இறங்க வேண்டும், பொறுப்பில் இருக்கும் அதிகாரி கடைசியாக இறங்கித் தலைக்கு மேலே மூடியை இழுத்துச் சாத்த வேண்டும். நீர்மூழ்கியில் ஏறும் எவனுக்கும் முதலில் சொல்லித் தருவது இதுதான், உனக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். அன்றைக்கு அவர் விமானம், விமானம் என்று அலறி, முங்கும் மணியை அடித்துவிட்டு, முதல் ஆளாகத் தானே இறங்கினார். ஏணியைப் பிடிக்க வந்த பெல்லின் கையை மிதித்துக்கொண்டுதான் இறங்கினார், பெல் அவர் பின்னாலேயே உள்ளே விழுந்தான். தண்ணீர் உள்ளே கொட்ட ஆரம்பித்தது, கீழே நின்றவர்கள் மூடியைச் சாத்த வேண்டியதாயிற்று, சாத்தாவிட்டால் எல்லோரும் போயிருப்போம். ஹாஸ்கெட் வெளியே நின்றான்.

மத்தியானம் வரை எங்களை அடியிலேயே வைத்திருந்தார். அப்புறம் மேலே வந்தோம். கடல்தான் இருந்தது. கையில் துணி சுற்றிக்கொண்டு பெல் என் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தான். “விமானமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல எமில், பறவை. றெக்கை அடிச்சதைக் கண்ணால பாத்தேன்” என்றான். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் எதிரி விமானம் சுட்டதில் ஹாஸ்கெட் மாண்டதாக எழுதப்பட்டது. அந்த வாரமே எங்கேயோ இன்னொரு வெடிச் சத்தம், இன்னொரு கேக். ஒருவனும் கத்தியைத் தொடவில்லை. அவர் மட்டும் உட்கார்ந்து தின்றார், நன்றாக இருக்கிறது என்று இன்னொரு துண்டு கேட்டார். பேர்ல் ஹார்பருக்குத் திரும்பும்போது, கடலைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தவர்கள் மாதிரி, பெரிஸ்கோப்பின் உச்சியில் துடைப்பம் கட்டச் சொன்னார். கரையில் பேண்டு வாசித்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தார்ன்பரி கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். பேச்சில் தேன் ஒழுகியது. “உன் பையன் தங்கமான பையன் எமில், என் சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கறேன். நம்ம பழைய கப்பல் ஆளுங்க எல்லாரும் ஒண்ணு கூடறோம், நீயும் வந்து ரெண்டு வார்த்தை நல்லதா பேசணும்” என்றார். உன்னை ஏன் கேட்கிறார் என்று அப்போது புரிந்தது. மகன் அவர் கப்பலில் இருந்தால் அப்பன் வாயைத் திறக்கமாட்டான் என்ற கணக்கு. நான் ஒன்றே ஒன்று கேட்டேன், அன்றைக்கு மேலே விட்டுவிட்டு வந்தோமே, அவன் பெயர் என்ன என்று. “அட, எத்தனையோ பசங்க இருந்தாங்கப்பா, எல்லாப் பேரும் ஞாபகம் இருக்குமா? ஆனா உன் கேக்கு இன்னும் நாக்குலயே நிக்குது” என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

முடிவு உன்னுடையது, நீ வளர்ந்தவன். எனக்காக அவர் தரும் பதவியை விட்டுவிடாதே, எனக்காக அங்கே போகவும் வேண்டாம். நான் அந்தக் கூட்டத்துக்குப் போகிறேன், பெல்லும் வருகிறான், நீ எந்தக் கப்பலில் இருந்தாலும் பேச வேண்டியதைப் பேசுவேன். அம்மா பின்னிய கம்பளிக் காலுறை தனியாக வருகிறது, போட்டுக்கொள், யாருக்கும் கொடுத்துவிடாதே. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஹாஸ்கெட்டுக்கு அப்போது உன் வயது.

உன் அப்பா
எமில் கோசார்