தண்ணி வண்டி யோசனை

மே 20, செவ்வாய்

இல்லை, பொய் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக். காலை எட்டுக்கே வெயில் அப்பாவின் சுரங்கக் குவார்ட்டர்ஸ் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து என் பார்ட்னர் வித்யா மூன்றாவது முறை அழைத்தாள். "முடிச்சு அனுப்பிடு. வக்கீல் காத்துட்டு இருக்கார்."

அனுப்பிவிட்டேன்.

எங்கள் கம்பெனியை வாங்குகிறார்கள். ஆறு பேர், ஒரு வாடகை அறை, திறந்தவெளிச் சுரங்கத்தில் நெட்வொர்க் அமைக்க ஒரு வழி. பெரிய கம்பெனிக்கு வேண்டியது அந்த வழி மட்டும்.

அவர்கள் வக்கீல் அனுப்பிய படிவத்தில் கேள்வி 14: இதை உருவாக்கியதில் கம்பெனிக்கு வெளியே யாருக்காவது பங்கு உண்டா?

'இல்லை' என்ற கட்டம்.

அம்மா பண்ருட்டிப் பலா அரிந்து வைத்தாள். ஒன்பது சுளை தின்றேன். அவ்வளவு பசித்ததே குற்றமாகப் பட்டது.

மே 21, புதன்

வேறெங்கும் எழுதவில்லை. அதனால் இங்கே.

இரண்டு வருடம் முன்பு. சுரங்கத்தில் மண் வெட்டும் இயந்திரம் நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் நட்ட கம்பத்துக்கும் அதற்கும் நடுவில் மண்மேடு வந்துவிடும். சிக்னல் போய்விடும். வித்யாவும் நானும் கம்பத்தை உயர்த்திக்கொண்டே இருந்தோம். கேபிள் இழுக்க வந்தவர் ஜாகிர் அண்ணன். கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். ஊர் மேல்பட்டாம்பாக்கம்.

"இன்னாம்மா, கம்பத்த நட்டுக்கினே போறீங்க, கல்யாணப் பந்தலா? எங்க ஆளுங்க தூரத்துல இருக்கறவனுக்குச் சேதி சொல்லணும்னா தண்ணி வண்டி டிரைவர்கிட்ட சொல்லி வுடுவோம். சுத்திக்கினே போயி சொல்லிடுவாரு. ஒங்க சிக்னல் பொட்டிய அது தலையில வச்சா இன்னா?"

குடிதண்ணீர் லாரி. ஷிப்ட் முழுக்கச் சுற்றும், ஆள் இருக்கும் இடமெல்லாம் நிற்கும். பெட்டியை அதன்மேல் வைத்தோம். நின்ற இடத்திலெல்லாம் இயந்திரங்களின் தகவலை வாங்கிக்கொண்டது. கம்பம் தெரிந்த இடத்தில் கொடுத்துவிட்டது.

நிரல் எங்களுடையது. ஒரு வருட உழைப்பு. அதுவும் உண்மை.

அந்த வாக்கியம் அவருடையது.

மே 22, வியாழன்

சாயங்காலம் மழை வாசனை. மழை இல்லை. ஷாம்பு வாங்க மறந்தேன்.

ஜாகிர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. புது கான்ட்ராக்டர் அனுபவச் சான்று கேட்கிறாராம்.

"கம்பெனிய பெரிய எடத்துல கேட்டாங்களாமே, ஒங்க அப்பா சொன்னாரு. சந்தோசம்மா. எனக்கு ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா போதும். தண்ணி வண்டி ஐடியா நான் சொன்னேன்னு ஒரு வரி போட்டீங்கன்னா கெத்தா இருக்கும்."

தருகிறேன் என்றேன். அவர் போன பிறகு அப்பா: "கான்ட்ராக்ட் ஆளுங்க சொன்னதையெல்லாம் எழுதிக் குடுத்தா மைன்ஸ்ல பேப்பரே மிஞ்சாது."

வித்யாவிடம் கேட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அந்த வரி போட்டா பதினாலாவது கேள்வி என்னாகும்? எல்லாம் நின்னுடும்டி. ஆறு பேர் இருக்கோம்."

ஆறில் ஒருத்தி நான். அதை அவள் சொல்லவில்லை.

மே 23, வெள்ளி

லெட்டர். 'களப்பணிகளில் உதவினார்.' உதவினார் என்பதற்கு வேறு சொல் தேடினேன். இருந்தது. போடவில்லை.

வடலூர் பஸ் நிறுத்தத்தில் கொடுத்தேன். நின்றபடியே, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார்.

"தண்ணி வண்டி வரலியேம்மா?"

"அது கம்பெனி ரகசியம், அண்ணே. வெளிய வரக் கூடாது."

இது பொய். இதற்கு வேறு பெயர் இல்லை.

அவர் கோபப்படவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அய்யய்யோ. எங்க வூட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேனேம்மா. மச்சான்கிட்டயும். ரெண்டு பேரையும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிடறேன். என்னால ஒங்களுக்கு ஒண்ணும் வராது. நீங்க பயப்படாதீங்க."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக உதட்டின்மேல் விரல் வைத்துக் காட்டினார். சிரித்துக்கொண்டே.

நானும் தலையாட்டினேன். ஆட்டினேன்.

மே 24, சனி

அம்மா ரேஷன் கடைக்கு. அப்பா முதல் ஷிப்ட். மேசை, விசிறி, நான்.

வக்கீலுக்கு எழுதினேன். கேள்வி 14க்கு நான் தந்த பதில் தவறு. வெளியாள் பங்கு உண்டு. பெயர், ஊர், அன்று சொன்னது, அவர் பேச்சிலேயே. வித்யாவுக்கு நகல்.

ஜாகிர் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எழுதுவதைவிட அது கடினம்.

பத்து நிமிடத்தில் வித்யா அழைத்தாள். எடுத்தேன்.