ஆயிரம் காகிதக் கொக்குகளும் உனக்கு வராத காய்ச்சலும்

பார்ட்ரிட்ஜ் கோவ்,
நியூஃபவுண்ட்லாந்து.
ஜூன் 9.

அன்புள்ள மகன் ஜெரார்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, போன செவ்வாய்க்கிழமை நீ ஃபோனில் சிரித்த சிரிப்பிலேயே உன் சுகம் எனக்குத் தெரிந்துபோயிற்று. லைன் கட் ஆகவில்லை, ஃபோனை வைத்தது நான்தான். ஃபோனில் பேசினால் சிரிப்பாய், மின்னஞ்சல் அனுப்பினால் நின்றுகொண்டே படித்துவிட்டு மறந்துபோவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கொரியாவிலிருந்து உன் பெயருக்கு நம் தபால் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன், பிறர் பெயருக்கு வந்த ஒரு உறையைக்கூட நான் பிரித்ததில்லை. ஆனால் வெளிநாட்டுப் பார்சல் என்றால் உள்ளே இருப்பது என்ன என்று மேலே சீட்டு ஒட்டியிருக்கும், அதைப் படிப்பது என் வேலை. அதில் குழந்தைக் கையெழுத்தில் ‘காகிதக் கொக்கு, ஆயிரம், உடம்பு சரியில்லாத டீச்சருக்கு’ என்று இருந்தது. நீ கொரியாவில் டீச்சர் வேலையை விட்டு வியட்நாம் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, என்னிடம் எதையோ மறைத்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். ஸ்டாம்ப் வாங்க வந்த பிலோமினா டல்க், “பெர்ன், மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு, பிரிச்சுப் பாரு, சட்டமாவது ஒண்ணாவது” என்றாள். பிரித்துவிட்டேன். என் வேலையே போனாலும் போகட்டும்.

பெட்டி நிறைய கொக்குகள், உன் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. ஆயிரம் மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கையாம். கூடவே ஒரு பெரிய அட்டை, நடுவில் உன் பெயர், சுற்றிலும் உன் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரும் எழுதியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அந்தப் பதினொரு ஜோடிக் கையிலும் மாட்டக் கையுறை பின்னியவள் நான், எல்லோரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். யேரின் எழுதுகிறாள், “டீச்சர், ஊசி போட்டா வேற பக்கம் பாருங்க, வலிக்காது.” ஒரு பயல், “ஆஸ்பத்திரிக் கஞ்சி நல்லாவே இருக்காது, ஆனா சாப்பிடுங்க, இல்லேன்னா வீட்டுக்கு விட மாட்டாங்க” என்கிறான். எல்லோருக்கும் கீழே ஓரமாக, பொடிப் பொடி எழுத்தில் சன்ஹோ, “டீச்சர், என் இருமல்தான் உங்களுக்கு ஒட்டிக்கிச்சு. அன்னிக்கு நான் வந்திருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.”

உன்னோடு வகுப்பெடுத்த மிஸ் பே, தனியாக எனக்கு ஒரு சீட்டு வைத்திருந்தாள், கையுறைப் பார்சலில் இருந்த முகவரியைப் பார்த்துப் பெட்டியை இங்கே அனுப்பியது அவள்தானாம். நீ வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டாய். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து டீச்சர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், உங்கள் டியூஷன் நடத்தும் அந்தப் பெண்மணி, டீச்சருக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள். சன்ஹோ அன்றிலிருந்து முகமூடியைக் கழற்றுவதே இல்லையாம், கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறானாம், தின்பண்டம் கொடுத்தால் மற்றவர்கள் எடுத்துப் போன பிறகுதான் எடுக்கிறானாம். அந்த ஆயிரத்தில் நானூறு அவன் ஒருவனே மடித்தது. ஒன்பது வயதுப் பிள்ளை ஜெரார்ட், ஒன்பது வயது.

இதற்குப் பிறகு உனக்கு ஃபோன் போட்டால் நீ சிரிக்கிறாய். “அங்க எல்லா டியூஷன்லயும் இதுதான்மா வழக்கம், டீச்சர் போறார்னு தெரிஞ்சா பெத்தவங்க பிள்ளைங்களை எதிர்க் கட்டடத்து டியூஷனுக்கு மாத்திடுவாங்க, அதனால கடைசி வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு முதல் நாளே கையெழுத்து வாங்கிட்டாங்க” என்கிறாய். ஒரு வருடம் அந்தப் பிள்ளைகளோடு பாடி ஆடி, பல் விழுந்தால் உன்னிடம் கொண்டுவந்து காட்டும் அளவுக்குப் பழகிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை பதினொரு பேருக்கும் கையில் கை தட்டி, “திங்கட்கிழமை பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியிருக்கிறாய். காய்ச்சல் கதை எனக்குத் தெரியாதும்மா என்றாய், நம்புகிறேன். அது அந்தப் பெண்மணி சொன்ன பொய். ‘திங்கட்கிழமை பாக்கலாம்’ என்றது யார் சொன்ன பொய்? அது மட்டுமா, பிள்ளைகளிடம் விடைபெற்றாயா, அழுதார்களா என்று நீ வியட்நாம் போய்ச் சேர்ந்தபோதே உன்னிடம் கேட்டேன், “நல்லாப் போச்சும்மா” என்றாய். என் காதிலும் பூச்சுற்றிவிட்டாய். கடைசியில் சன்ஹோவைப் பற்றிச் சொன்னதும், “பசங்கதானே, மறந்துடுவாங்க” என்றாய். அந்த இடத்தில்தான் ஃபோனை வைத்தேன்.

எங்கே கற்றாய் இதையெல்லாம் என்றுதான் எனக்கு ஆறவே இல்லை. இந்த ஊரில் மேற்கே எண்ணெய் வயலுக்கு மூன்று வாரம் வேலைக்குப் போகிறவன்கூட வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டுதான் போகிறான். பிரெண்டன் வால்ஷ் மாமியாரோடு நான்கு வருடமாகப் பேச்சில்லாதவன், அவனே கிளம்புகிற அன்று அவள் வாசலில் போய், “போய்ட்டு வரேன் கிழவி” என்று கை கொடுத்துவிட்டுப் போனான். கையெழுத்துப் போட்டேன் என்கிறாயே, குழந்தைகள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வேன் என்று எவனாவது கையெழுத்துப் போடுவானா? ஊர் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள் என்றால் ஊர் முழுக்கச் செய்வது தப்பு, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இடது முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சிங்கி இறால் இந்த வருடம் சுமார், மூடுபனியால் போன வாரம் இரண்டு நாள் கடலில் போட்ட இறால் கூடுகளை எடுக்கவே போகவில்லை. உன் அறை ஜன்னல் ஒழுகியதை பிரெண்டன் வந்து அடைத்துக் கொடுத்தான். கொக்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு அப்பா முதலில் உன் பக்கம்தான் பேசினார், “விடு பெர்ன், முதலாளி சொன்னதைத்தானே செஞ்சான்” என்றார். அன்று அவருக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது. ஆனால் மறுநாள் படகை விட்டு இறங்கி வந்ததும், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், “அந்த இருமல் பயல்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா” என்று அவரே கேட்டார். இன்னொன்று, அங்கே மோட்டார் பைக்கில் சுற்றுவதாகச் சொன்னாய், தலைக்கவசம் இல்லாமல் ஏறாதே. புதுப் பள்ளியில் கடைசி நாளைக்கு என்ன சட்டம் வைத்திருக்கிறார்கள் என்று இப்போதே கேட்டு வை, எதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்றும் பார்.

கொக்குகளை உனக்கு அனுப்பவில்லை, அவை நோயாளிக்கு வந்தவை. அட்டையை மட்டும் இதோடு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று வாரமாவது ஆகும், அதுவரை அந்தப் பிள்ளையை முகமூடியோடு உட்கார வைக்க என்னால் முடியவில்லை. அதனால் மிஸ் பேயின் மின்னஞ்சலுக்கு இரண்டு விரலால் தட்டித் தட்டி நானே எழுதிவிட்டேன். சன்ஹோ, என் மகனுக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை, உன்னிடமிருந்து அவனுக்கு எதுவும் ஒட்டவில்லை, இதைச் சொல்வது அவனைப் பெற்ற தாய், என்று. இன்று காலை அவளிடமிருந்து பதில் வந்தது. இரண்டு தடவை படித்தானாம், முகமூடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தானாம், எழுந்து போய்ப் பழையபடி யேரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டானாம். பிறகு, “அப்போ டீச்சர் ஏன் போனாரு, போறேன்னு எங்ககிட்ட ஏன் சொல்லல” என்று கேட்டானாம். என்ன சொல்ல என்று மிஸ் பே என்னைக் கேட்டு எழுதியிருக்கிறாள். நான் பதில் போடவில்லை, போடவும் மாட்டேன். அவன் கேட்டது உன்னை.

என் கோபத்துக்கும் ஆசீர்வாதத்துக்கும் சம்பந்தமில்லை, கடவுள் உன் கூடவே இருக்கட்டும், கை கால் சுகத்தோடு நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. மிஸ் பேயின் முகவரி அட்டையின் பின்பக்கம் இருக்கிறது. சன்ஹோவுக்கு முதலில் எழுது, மற்ற பத்துப் பேருக்கும் பிறகு தனித்தனியாக.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத அம்மா,
பெர்னடெட்