ஆரஞ்சுத் தொட்டியில் போட்ட டின்

6.10 திங்கள்

மழை. எழுந்ததும் முதல் வேலை, குடையோடு மண்டபத்துக்குப் பின்னால் போய் நீலத் தொட்டியிலிருந்து டயாப்பர் பொறுக்கியது. நீலம் காகிதத்துக்கு. பழுப்பு கண்ணாடிக்கு. ஆரஞ்சு டின்னுக்கும் பிளாஸ்டிக்குக்கும். தமிழிலும் மலாயிலும் எழுதி, படமும் வரைந்து ஒட்டி ஒரு வருடம் ஆகிறது. ஆறு டயாப்பர், ஒரே பையில், இறுக்கமாக முடிச்சுப் போட்டு. அவ்வளவு அழகாக முடிச்சுப் போடத் தெரிந்தவருக்குப் படம் மட்டும் தெரியவில்லை.

பாலர் பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதம். கையில் வாடை போகவில்லை.

தீபாவளிக்கு முன்:
திரைச்சீலை துவைக்க
அடுப்படி அலமாரி (அத்தை தானே செய்வதாகச் சொல்கிறார்)
மகள் மாலாவுக்குச் சுடிதார்
பழைய மெத்தை. எங்கே போடுவது?

மெத்தைக்கு என்னிடமே பதில் இல்லை. ஆனால் இந்தத் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் நான்தான் குப்பை டீச்சர்.

7.10 செவ்வாய்

வெயில். குப்பை லோரி இன்றும் வரவில்லை. குரங்குகள் பைகளைக் கிழித்துச் சாலை முழுக்க இறைத்துவிட்டன. எதிர்வீட்டில் கால்வாய் ஓரம் எரிக்கிறார்கள். பிளாஸ்டிக் புகை. ஏன் எரிக்கிறீர்கள் என்று கேட்டால், "லோரி வந்தா நாங்க ஏன் டீச்சர் எரிக்கிறோம்?" உண்மைதானே.

லெட்சுமி அக்காவுக்கு மறுபடியும் கையுறை வாங்கிக் கொடுத்தேன். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். தோட்டத்தை மூடி எங்களையெல்லாம் இந்த வீடுகளுக்கு மாற்றியபின் வேறு வேலை கிடைக்கவில்லை. தொட்டிகளில் சேர்வதைப் பிரித்து விற்பது அவர்தான். கையுறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போட்டா கை வேர்க்குது டீச்சர். டின்னு வழுக்குது."

8.10 புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பகல் ஒரு மணி. பள்ளி விட்டு வந்தேன். லெ. அக்கா ஆரஞ்சுத் தொட்டியைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். தீபாவளிச் சுத்தம் என்பதால் டின்கள் நிறைய. பெரிய வட்டமான பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இத போயி யாரு டீச்சர் தூக்கிப் போட்டது? மூடி பாருங்க, எவ்ளோ டைட்டா இருக்கு. அம்பது முறுக்கு புடிக்கும் லா!"

எங்கள் வீடுகளில் நல்ல மூடி உள்ள டின்னை யாரும் எறிய மாட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "எடுத்துக்கங்க அக்கா."

நான்தான் சொன்னேன்.

மூடியைத் திறந்து உள்ளே இருந்த செய்தித்தாள் சுருட்டைக் கைவிட்டு எடுத்தார். "ஆ" என்று ஒரு சத்தம். நடுவிரலில் ஒரு பொட்டு இரத்தம். குழாயடியில் சோப்புப் போட்டு நீரில் பிடிக்கச் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தேன். செய்தித்தாளிலிருந்து கீழே சிதறிக் கிடந்தவை பச்சைப் பிடி வைத்த குட்டி ஊசிகள். இன்சுலின் பேனாவில் மாட்டுபவை. அத்தையின், என் மாமியாரின் ஊசிகள். டின்னும் எங்களுடையதுதான். போன தீபாவளிக்கு என் கணவர் சே. வேலை செய்யும் ரவாங் தொழிற்சாலையில் கொடுத்தது.

காலால் ஒதுக்கி, அள்ளி, மூடி, காரின் பின்பக்கம் வைத்தேன். பிள்ளைகள் மிதித்துவிடும் என்று. அப்படித்தான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

லெ. அக்காவோடு கிளினிக். டாக்டர் தமிழ்ப் பெண், சின்ன வயது. "யாரோட ஊசின்னு தெரியுமா? தெரிஞ்சா அவங்க ரத்தத்தப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். ஊசி எப்படி இருந்துச்சு?"

"நான் எங்க பாத்தேன் டாக்டர், ஓடிட்டேன். எங்க வீட்டு வரிசையில ஒருத்தன் இருக்கான். முன்ன போத ஊசி போட்டுக்கிட்டவன்" என்றார் லெ. அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த டெங்கி படத்தைப் பார்த்தேன். அப்படியானால் எச்.ஐ.வி. வராமலிருக்க ஒரு மாதம் மாத்திரை, செவ்வாய்க்கிழமை மறுபடி வரவேண்டும் என்றார்.

மாலை, அத்தையிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"குப்பையில போட்டா குரங்கு கிழிச்சு நடு ரோட்டுல இறைக்கும். ஊரே பாக்கும். நீதான சொன்ன, டின்னெல்லாம் ஆரஞ்சுல போடுங்கன்னு?"

சொன்னேன். ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி கிளினிக்கில் கொடுக்கவேண்டும் என்றும் எழுதி மண்டபத்தில் ஒட்டினேன். வீட்டில் சொல்லவில்லை. அத்தை ஊசி போடத் தொடங்கி எட்டு மாதம். இந்த வீட்டில் அந்தப் பேச்சே எடுப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போடுவார், நாங்கள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவோம். மாலாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். பரம்பரை வியாதி என்று பேர் வந்துவிடக்கூடாதாம்.

10.10 வெள்ளி

மேகமூட்டம். பள்ளிக்கு விடுப்பு. தலைவலி என்று சொன்னேன்.

லெ. அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வாந்தி. முகம் இரண்டே நாளில் சுருங்கிவிட்டது. பேரப்பிள்ளையைத் தொடுவதில்லை. தட்டு, குவளை எல்லாம் தனியாக வைத்திருக்கிறார். அப்படியெல்லாம் ஒட்டாது அக்கா என்றேன்.

"ஒங்களுக்கென்ன டீச்சர், சொல்லுவீங்க."

கஞ்சியைக் குடித்தார். எனக்கு நன்றி சொன்னார். அதைத் தாங்க முடியவில்லை.

தாமான் வாட்ஸ்ஆப் குழுவில் காலையிலிருந்து குணாவைப் பற்றித்தான். கடைசி வீட்டுச் சரோஜா அக்காவின் மகன். மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து மூன்று வருடம். டயர் கடையில் வேலை, வீடு, அவ்வளவுதான். "பாம்பு தோல உரிச்சாலும் பாம்புதான்" என்று ஒருவர். அதற்குக் கைதட்டல் படங்கள், பதினொன்று. எண்ணினேன். நான் ஒன்றும் எழுதவில்லை.

ஊசி யாருடையது என்று சே.யிடம் சொன்னேன்.

"விடு. மாத்திர நல்லதுதான, ஒரு பாதுகாப்புக்கு. அம்மாவுக்கு வேற ஒண்ணுமில்லைன்னு நமக்குத் தெரியும்ல?"

"நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே."

"மாலாவ நெனச்சுப் பாரு."

எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் இங்கே வந்து முடிந்துவிடும்.

11.10 சனி

குணா வீட்டு வாசலில் யாரோ இரவில் குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள். மீன் குடல். சரோஜா அக்கா கழுவிவிட்டு நேராக என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"நீங்க படிச்சவங்க டீச்சர். அவன் அந்தப் போதையத் தொட்டு மூணு வருஷம் ஆச்சு, எங்க கொலதெய்வம் மேல சத்தியம். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."

"பாக்குறேன்க்கா."

பாக்குறேன்க்கா. இதைச் சொல்லத்தானா கல்லூரிவரை படித்தேன். அத்தை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மதியம் சாப்பிடவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

12.10 ஞாயிறு

வெயில். மண்டபத்தில் கூட்டம். முடிவுகள்:
தொட்டிகளை எடுத்துவிடுவது
குணா தீபாவளி விருந்துக்கு வரக்கூடாது
லோரி வராததைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவது

"பிரிச்சு என்னத்தக் கண்டோம், ஊசிதான் மிச்சம்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் என்ன சொல்றீங்க என்று என்னைக் கேட்டார்கள். எழுந்தேன். முதல் வரிசையில் சே. குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் சொல்றது மாதிரியே செஞ்சிருங்க" என்று உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் ஆரஞ்சுத் தொட்டி ஒருவர் வீட்டில் கோழிக்குத் தீனி வைக்கப் போனது. கால்வாய் ஓரம் மூன்று இடத்தில் புகை.

13.10 திங்கள்

தூறல். லெ. அக்கா மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொன்னார். "வாந்தி எடுத்தே சாவுறதுக்கு அந்த வியாதியிலயே சாவுறேன். விடுங்க." நாளைக்கு டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம், நானே வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றேன். தலையாட்டினார். என்னை நம்புகிறார்.

சொன்னால் என்ன ஆகும்? தொட்டிகள் திரும்பி வராது. குணாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. வேறு காரணம் கண்டுபிடிப்பார்கள். லெ. அக்கா என் கையால் இனிக் கஞ்சி குடிக்கமாட்டார். மாலா என்னிடம் எத்தனை நாள் பேசமாட்டாள் என்று தெரியவில்லை. எதுவும் சரியாகாது. ஆனால் அத்தையின் இரத்தத்தைப் பார்த்தால் அந்த மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டர் சொல்லமுடியும். மீதி நாட்களாவது வாந்தி இல்லாமல் இருக்கும். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அத்தைக்கு நாளை பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன். ஏழரைக்கு அவர் முன் இருக்கையில். வழியில் லெ. அக்காவைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொள்வேன். கெர்லிங் பெரிய சாலைக்கு வந்ததும், யாரும் இறங்க முடியாத இடத்தில், சொல்லிவிடுவேன்.

சே.க்குத் தெரியாது.