நம் வீட்டில் கை அசைவு இல்லாத ஒரு சொல்

என் ஆசைச் சித்தி,

நீங்கள் ஒரு கடிதமும் படித்ததில்லை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீங்கள் திரும்பிப் பார்த்ததும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். கையால் சொல்லலாம் என்றால் பார்க்க நீங்கள் இல்லை. எழுதி முடித்ததும் நம் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

எழுத உட்கார்ந்தபோதுதான், உங்களை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று நான் இதுவரை முடிவு செய்ததே இல்லை என்பது தெரிந்தது. நம் கைகளுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. மரியாதையாகவே எழுதுகிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

உங்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் என் அம்மாவின் ஒரே தங்கை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. உங்களைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. சின்ன வயதில் அம்மாவும் நீங்களும் நம் லயத்து வரிசை வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டே உங்களுக்கென்று ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டீர்கள். நான் பிறந்த பிறகு மூன்றாவது ஆளாக அதில் சேர்ந்தேன். வாய் பேசுவதற்கு முன்பே நான் கையால் பால் கேட்டேனாம்.

காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் எல்லாரும் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் வாயைப் பார்ப்பார்கள். நீங்கள் மட்டும் அவருடைய தோளைப் பார்ப்பீர்கள். எந்தத் தேயிலை மலைக்குப் போகச் சொல்லப்போகிறார் என்று அவர் வாய் திறப்பதற்கு முன்பே கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவீர்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் அவரைப் போலவே வயிற்றைத் தள்ளி, கையைப் பின்னால் கட்டி, கொழுந்தை முகர்ந்து பார்த்து முகம் சுளித்துக் காட்டுவீர்கள். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கூடையோடு சாய்வார்கள். பார்த்தே ஒரு ஆளை முழுதாகக் கற்றுக்கொள்ள உங்களைப் போல் யாராலும் முடியாது.

அதனால்தான் அந்தக் கேள்வி என்னை அவ்வளவு பிடித்துக்கொண்டது. போன வருடம் சமய பாடத்தில் ஒரு நாள் வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடவுள் நம்பிக்கை பிறக்கும்போதே வருகிறதா, மற்றவர்கள் சொல்லித்தந்து வருகிறதா?

பக்கத்து மேசை தர்ஷினி, "அது வாய்ப்பாடு மாதிரிடி. வீட்ல சொல்லிக் குடுக்கலன்னா யாருக்கும் வராது" என்றாள்.

"அப்ப எங்க சித்திக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று நான் கேட்டேன்.

கேட்ட பிறகுதான் யோசித்தேன். உண்மையில் யார்? அன்று வீட்டுக்கு வந்து நம் கைப்பேச்சை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். சோறு, மழை, ரத்தம் குடிக்கும் அட்டை, கோபம், கல்யாணம், பொய், பக்கத்து வீட்டுச் சண்டை என்று எல்லாவற்றுக்கும் அசைவு இருந்தது. கடவுளுக்கு இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "அத எப்பிடிக் கையில காட்டுறது? விட்டுட்டோம்" என்றார்.

அந்த டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் உங்கள் பின்னாலேயே திரிந்தேன். நான் ஆராய்ச்சி செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. என்னைக் காட்டி, தலையைத் தொட்டு, விரலைச் சுழற்றினீர்கள். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாம்.

நான் கண்டதைச் சொல்கிறேன். மாரியம்மன் கோயிலில் எல்லாரும் கும்பிடும்போது நீங்களும் கும்பிட்டீர்கள், ஆனால் அரை நொடி பிந்தித்தான். கண்கள் அம்மன் பக்கம் இல்லை, பக்கத்தில் நிற்பவர்களின் கைகள் மேல் இருந்தன. இது கற்றுக்கொண்டது என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்தர் அக்கா உங்களைக் கீழ் லயத்து ஜெப வீட்டுக்குக் கூட்டிப்போவார். உங்களுக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து எடுப்பவர், உங்கள் சிநேகிதி. நானும் வந்தேன். பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். கொஞ்ச நேரத்தில் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எஸ்தர் அக்கா என்னைத் தொட்டு, "பாத்தியா?" என்றார். நானும் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். மேளத்தின் அதிர்வு உள்ளங்கையில் ஏறி நெஞ்சுவரை வந்தது. நீங்கள் அழுதது கடவுளாலா, மேளத்தாலா? கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

மூன்றாவதுதான் என்னைத் துள்ள வைத்தது. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது முதல் குடத்தை நீங்கள் மண்ணிலேயே ஊற்றிவிடுவீர்கள். ஊற்றிவிட்டு ஒரு கணம் அப்படியே நிற்பீர்கள். தோட்டத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. வரிசையில் நின்றவர்கள் திட்டுவார்கள்: "ஊமச்சி, தண்ணிய வீணாக்காத!" உங்களுக்குக் கேட்கவா போகிறது? பார்த்துக் கற்றுக்கொள்ள ஆளே இல்லாத ஒரு காரியம்! 'இது பிறவியிலேயே வந்தது' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அம்மா கொப்பியை வாசித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். "அடியே, அது சாமி கும்பிடல. அந்தக் காலத்துல முதக் கொடத்துல அட்ட வரும். ஒருக்கா அவ வாய்க்குள்ளயே போயிருச்சி. அன்னையிலருந்து கொட்டுறா."

இரண்டு கோட்டையும் அடித்தேன். பிறகு, குழாய்க்கு வலை போட்டுப் பத்து வருடம் ஆகிறதே, இன்னும் ஏன் ஊற்றுகிறீர்கள், ஊற்றிவிட்டு ஏன் நிற்கிறீர்கள் என்று தோன்றியது. அடித்ததற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்விக்குறி.

உங்களிடமே கேட்டிருக்கலாமே என்று படிப்பவர்கள் நினைப்பார்கள். அங்கேதான் சிக்கினேன். கேட்க வேண்டுமென்றால் கடவுளுக்கு நான் ஒரு அசைவு உண்டாக்க வேண்டும். மேலே காட்டினால் கடவுள் மேலே இருப்பதாகச் சொல்லித்தந்துவிடுவேன். கை கூப்பிக் காட்டினால் கோயிலைச் சொல்லித்தந்துவிடுவேன். கேட்பதும் கற்பிப்பதும் ஒன்றாகிவிடும். ஆகவே கேட்காமலிருப்பதே நேர்மை என்று முடிவு செய்தேன். அந்த முடிவை நினைத்து அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் மாத மழையில் உங்களுக்குச் சளி கட்டியது. மூச்சு வாங்கியபோதும் இரண்டு நாள் மலைக்குப் போனீர்கள். மூன்றாம் நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவுக்குச் சிங்களம் வராது, நான்தான் முன்னால் நின்றேன். நர்ஸ் பெயர் கேட்டார், வயது கேட்டார். பிறகு, "ஆகம மொகக்த, நங்கி?" என்றார். மதம் என்ன, தங்கச்சி என்று கேட்டார், சித்தி. நீங்கள் என் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூன்று வாரம் உங்கள் பின்னால் கொப்பியோடு திரிந்தவள் நான். ஒரு நொடியும் யோசிக்காமல் "ஹிந்து" என்றேன். அவர் எழுதிவிட்டார்.

நான்கு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களைப் பெட்டியில் வைத்து வாசலில் கிடத்தியிருந்தபோது எஸ்தர் அக்கா ஜெப வீட்டுப் பெண்களோடு வந்தார். அப்பா தப்பு மேளம் அடிப்பவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அண்ணே, சிலுவ வச்சி அடக்கம் பண்ணுவோம். ஞாயித்துக்கெழம தவறாம எங்ககூட இருந்தவ. கண்ணுல தண்ணி வந்தத நான் பாத்தேன்" என்றார் எஸ்தர் அக்கா.

"எங்க வீட்டுப் புள்ளம்மா அவ. எங்க மொறப்படிதான் போவா. காது கேக்காதவளுக்கு ஒங்க பிரசங்கம் என்னா வெளங்கிச்சி?" என்றார் அப்பா.

"அப்ப ஒங்க கோயில் மந்திரம் மட்டும் வெளங்கிச்சாக்கும்!"

யாரோ சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். குரல்கள் ஏறின. கடைசியில் அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு புள்ள. அவ கையப் படிச்சவ நீதான். அவ யாரக் கும்பிட்டா?"

எஸ்தர் அக்காவும், "அதுவும் சரிதான். புள்ள சொல்லட்டும். நாங்க ஏத்துக்கிறோம்" என்றார்.

லயத்து வாசல் முழுவதும் என்னைப் பார்த்தது. ஒரு சொல் சொன்னால் போதும், சண்டை முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே சொன்ன சொல்தான்.

"எனக்குத் தெரியாதுப்பா. நான் அவங்ககிட்ட கேக்கவே இல்ல. ஆஸ்பத்திரியில கேட்டப்ப நானா ஒண்ணு சொல்லிட்டேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அதுவரை பேசாமல் உங்கள் தலைமாட்டில் இருந்த அம்மா எழுந்தார். "அவ இருந்தப்ப இந்த வாசல்ல இவ்வளவு சத்தம் யாரும் போட்டதில்ல. இப்ப அவ பாக்க மாட்டான்னா போடுறீங்க? ரெண்டு பக்கமும் வாங்க. ரெண்டு பக்கத்துலயும் அவளுக்கு ஆளு இருக்கு. ஆனா தப்பு வேணாம், பாட்டு வேணாம், யாரும் வாயத் தொறக்க வேணாம். அவ எப்பிடி இருந்தாளோ அப்பிடியே அனுப்புவோம்."

அப்படியே அனுப்பினோம், சித்தி. தேயிலைச் செடிகளுக்கு நடுவே அத்தனை பேர் நடந்தும் செருப்புச் சத்தமும் மழைத் தூறலும்தான் கேட்டன. குழியருகில் அப்பா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். எஸ்தர் அக்கா உதடு மட்டும் அசையத் தலை குனிந்தார். சொல்லித்தர மந்திரமும் இல்லை, பாட்டும் இல்லை. எப்போது குனிவது, எப்போது கும்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் பக்கத்தில் நிற்பவர்களின் கைகளை ஓரக்கண்ணால் பார்த்து அரை நொடி பிந்திச் செய்தார்கள். எஸ்தர் அக்காவைப் பார்த்து அப்பா தலை குனிந்ததையும் நான் பார்த்தேன்.

கோயிலில் உங்களைப் பார்த்து எழுதியது பாதிதான் என்று அங்கே நிற்கும்போது தோன்றியது. கும்பிடுவதை நீங்கள் பார்த்துத்தான் கற்றுக்கொண்டீர்கள். சரி. ஆனால் யாரும் கூப்பிடாமல், ஒரு சொல்லும் புரியாமல், இவர்கள் செய்வதைத் தானும் செய்ய வேண்டும் என்ற அந்த ஆசை? அதை உங்களுக்கு யார் கற்றுத்தந்தார்கள்? அதற்குப் பெயர் நம்பிக்கையா, வெறும் துணை தேடலா? எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், கேட்கும் காதுள்ள எங்களைவிட நீங்கள் அதைத் தேடித் தேடிப் போனீர்கள். இரண்டு வாசலுக்கும் போனீர்கள். எங்களில் வேறு யாரும் அப்படிப் போனதில்லை.

நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்கு மறுநாள் நான் பஸ் ஏறித் தனியாக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே நர்ஸ் இருந்தார். உங்கள் தாளில் நான் சொன்னதை அடித்துவிட முடியுமா என்று கேட்டேன். என்ன எழுத வேண்டும் என்றார். ஒன்றும் எழுத வேண்டாம், கேட்கவில்லை என்று எழுதினால் போதும் என்றேன். தாள் எல்லாம் உள்ளே போய்விட்டது, இனி எடுக்க முடியாது என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "என்னையும் யாரும் கேக்க இல்ல, நங்கி. நா பொறந்தது, அம்மா சொன்னது, எழுதினது. இவ்ளோ நாளா நானும் கேக்க இல்ல."

திரும்பி வரும்போது அவர் சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது; பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். எஸ்தர் அக்கா உங்கள் நிரையின் கொழுந்தையும் சேர்த்து எடுக்கிறார், வேறு ஆளை விடமாட்டேன் என்று கண்டாக்கு ஐயாவிடம் சண்டை பிடித்தாராம். அப்பாவும் அவரும் சேர்ந்து உங்கள் குழிமேட்டுக்குப் பலகை அடித்தார்கள். மேலே என்ன வரைவது என்று மறுபடியும் என்னிடம் வந்தார்கள். பெயரை மட்டும் எழுதச் சொன்னேன். கமலாதேவி. நீங்கள் கேட்காத அந்தப் பெயரை அப்பா நீலப் பெயின்ட்டில் கொஞ்சம் கோணலாக எழுதியிருக்கிறார். இருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் இருவரும் ஒன்றாகவே போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருகிறார்கள்.

சித்தி, ஒரு சத்தியம் செய்கிறேன். இனி யாருக்காகவும் அந்தப் பதிலை நான் முந்திக்கொண்டு சொல்ல மாட்டேன். எனக்காக மற்றவர்கள் சொல்லிவைத்த பதிலையும் அப்படியே வைத்துக்கொள்ள மாட்டேன், வீசியும் விட மாட்டேன். என்னிடம் நானே கேட்பேன். பதில் வர எத்தனை வருடம் ஆனாலும் பொறுத்திருப்பேன்.

இப்படிக்கு,
முகத்துக்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் புத்தகம் போல் விரித்து, அதையே என் பெயராக்கி நீங்கள் கூப்பிட்ட
உங்கள் அக்கா மகள்