கழற்றி வைத்த லாந்தர்கள்

அன்புள்ள தீபிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று தினமும் சாமி விளக்கு ஏற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை, தென்னேரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது, நம் வீட்டுப் பின்பக்கச் சுவர் ஊறிப் பாசி பிடித்துவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

கார்த்திகை அன்று நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது அம்மா, ஆபீசில் எல்லாருக்கும் காட்டினேன் என்று எழுதியிருந்தாய். நானும் தாங்க்ஸ்மா என்று பதில் போட்டேன். அதைப் போட்டதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அந்தப் போட்டோவில் பாதி லாந்தர்கள் இல்லை தீபிகா. அவற்றைக் கழற்றியவள் நான்.

காகித லாந்தர் செய்வதை நீதான் வீடியோவில் காட்டினாய். என் மாலை வகுப்புப் பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். காஞ்சிபுரம் போய்க் கலர் சார்ட் வாங்கிவந்தேன். தாளை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கமிருந்து ஓரம் வரைக்கும் போகாமல் வெட்டி, விரித்துச் சுருட்டி ஒட்டியதும் அது குடம் மாதிரி உப்பி நின்றபோது அத்தனை பிள்ளைகளும் ஓவென்று கத்தினார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே கிண்ணத்துப் பசையைத் தொட்டுத்தான் செய்தார்கள். சிலர் பட்டுப்புடவைக் கரை மாதிரி மயிலும் ருத்திராட்சமும் வரைந்தார்கள், ஒருவன் தன் அப்பாவின் லாரியை வரைந்தான். நர்ஸ் அம்சாவின் மகள் திரிஷா இருக்கிறாளே, அவள் ஒன்றுமே வரையவில்லை, நீலத் தாளில் குட்டிக் குட்டி மீன்களாக வெட்டி எடுத்துவிட்டாள். உள்ளே பேட்டரி விளக்கைப் போட்டதும் சுவரெல்லாம் மீன் ஓடியது. ஒவ்வொருவர் லாந்தருக்கும் அடியில் அவரவர் பெயரை எழுதச் சொன்னேன். கார்த்திகை அன்று சாமி வரும் தெருவில் எல்லாவற்றையும் கட்டுவோம் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

கார்த்திகை அன்று மத்தியானம் கயிறு கட்டி எல்லாவற்றையும் தொங்கவிட்டோம், தெரு பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அப்போது விழாக் கமிட்டியிலிருந்து முனிசாமி பெரியப்பா வந்தார். உனக்குத்தான் தெரியுமே, அவர் சத்தம் போட மாட்டார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். தோ பாரும்மா, காலனிப் பசங்க செஞ்சதும் இதுல கலந்துக்கினு இருக்குதாமே, சாமி வர தெருவுல நாளைக்கு நாலு பேர் பேசுவான், அதுங்களுத அதுங்க தெருவுல கட்டிக்கட்டும், எதுக்கு வம்பு என்றார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, விடு லோகா, நல்ல நாளும் அதுவுமா பேச்சு வேணாம் என்றார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலில் ஏறி, அடியில் இருந்த பெயரைப் படித்துப் படித்துக் கழற்றினேன். பெயர் எழுதச் சொன்னது எதற்குப் பயன்பட்டது பார். அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

சாயந்திரம் அம்சா, திரிஷாவுக்குப் புதுப்பாவாடை கட்டி அழைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் குழந்தை தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொரு லாந்தராக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள், திரும்பவும் பார்த்துக்கொண்டே வந்தாள். மிஸ், என்னுது எங்க என்று கேட்டாள். மத்தியானம் தூறல்ல நனைஞ்சு கிழிஞ்சிடுச்சு கண்ணு என்றேன். எங்க தெருப் பசங்களுது மட்டும் எப்டி மிஸ் நனையும் என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அம்சா என்னைப் பார்க்காமல் அவள் கையைப் பிடித்து, வாடி, வூட்டுக்குப் போலாம் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். போன வருஷம் உன் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தபோது தினமும் வீட்டுக்கு வந்து ஊசி போட்டவள் அவள். அவர்கள் போன பிறகுதான் அந்தப் போட்டோவை எடுத்து உனக்கு அனுப்பினேன். அதை ஏன் செய்தேன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலனிக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் நான் நடந்து போனது அதுதான் முதல் தடவை, அம்சா வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போகவேண்டியிருந்தது, அதுவே கூச்சமாக இருந்தது. திரிஷா வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றாள். பெட்டியைப் பார்த்ததும் கிட்டே வந்து, யார் மிஸ் கழட்டுனது என்று கேட்டாள். கமிட்டியில் சொன்னார்கள் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டு, நான்தான் கண்ணு, பொய் சொல்லிட்டேன் என்றேன். அவள் தன் லாந்தரை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்சாதான் பேசினாள். கழட்டுனது எங்களுக்குப் புதுசு இல்லக்கா, நீங்க ஒரு கொழந்தகிட்ட போயி மழை மேல பழிய போட்டீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல, இனிமே க்ளாசுக்கு அனுப்ப மாட்டேன் என்றாள். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னாள். நான் நின்றுகொண்டே கேட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது நம் தெருவில் மிச்ச லாந்தர்கள் ஆடிக்கொண்டிருந்தன, எனக்குப் பார்க்கவே முடியவில்லை. வீட்டிலிருந்து ஸ்டூலைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக அவற்றையும் கழற்ற ஆரம்பித்தேன். முனிசாமி பெரியப்பா ஓடிவந்து, இன்னாம்மா பண்ற, இன்னும் ரெண்டு நாள் தீபம் இருக்குது என்றார். எல்லாப் பிள்ளைங்களுதும் இருந்தா இருக்கட்டும், இல்லன்னா ஒண்ணும் வேணாம் என்றேன். முந்தின நாள் சொல்லவேண்டியதை ஒரு நாள் தாமதமாகச் சொன்னேன். அப்பா வந்தார், தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன், ஸ்டூல் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஊர்த்தெருவிலும் பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்புவதில்லை. வருகிற பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள் வராமல் பாயில் காலியாக இருக்கும் பக்கத்தில் உட்காராமல் ஒதுங்கியே உட்காருகிறார்கள். அவர்களை என்னவென்று கேட்பது, அவர்கள் பார்த்துப் படித்துக்கொண்டது என்னிடம்தானே.

நேற்று அம்சாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தீபிகா அக்காவிடம் பேசவேண்டும் என்று திரிஷா கேட்கிறாளாம், உன் நம்பர் கேட்டாள், கொடுத்தேன். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். தாளில் மீன் வெட்டியது எப்படி என்று அவளிடம் கேள், அவளாகக் கண்டுபிடித்தது அது. என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் கடைசி வரைக்கும் கேட்டுக்கொள். எங்க அம்மா அப்படிப்பட்டவள் இல்லை என்று மட்டும் அந்தக் குழந்தையிடம் சொல்லிவிடாதே.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், இரும்பு மாத்திரையை விடாதே, மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீயும் அவரும் நல்லபடியாக, நாலு பேருக்கு முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்லும் தைரியத்தோடு வாழ வரதராஜப் பெருமாள் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
வெ. லோகாம்பாள்