துளைப் பலகைக்கு அந்தப் பக்கம்

ஜூலை 8, செவ்வாய்

இல்லை, பயம் என்று சொல்ல முடியாது. கூரியர் ரசீதை நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். சாரல். துணி காயவில்லை.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை ரோஸ்லின் அம்மாவுக்குக் கூரியரில் அனுப்பியாயிற்று. போத்தனூர்க்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். கத்தோலிக்கப் பங்குக் கோயில் இதழில் அவர் எழுதிய ஆறு கதைகளைத்தான் உளப்பகுப்பாய்வு செய்திருக்கிறேன். கதைகளைப் பின்னிணைப்பில் சேர்க்க அவர் கையெழுத்து வேண்டும். மறுத்தால் இயல் போச்சு. ஓராண்டு போச்சு.

கதைகளில் திரும்பத் திரும்ப ஒரு சிறுமி. முழங்காலிட்டு, துளைபோட்ட பலகையில் முகம் வைக்கிறாள். அந்தப் பக்கம் ஓர் ஆணின் மூச்சு, மூக்குப்பொடி வாசனை. நான் எழுதியது: பெற்றோரின் அறையை ஒளிந்து பார்த்த குழந்தை. அடக்கிவைத்த நினைவு. மூச்சு அப்பாவுடையது. பன்னிரண்டு பக்கம்.

வாங்க: சோப்பு, பிரிண்டர் பேப்பர்.

ஜூலை 10, வியாழன்

கணபதி ஏரியா முழுக்க லேத் பட்டறைச் சத்தம். படிப்பு ஓடவில்லை. அறைத்தோழி ஜெனி இயலைப் புரட்டினாள். சிரித்து, இருமி, மறுபடி சிரித்து.

"ஏம்புள்ள, இது பாவசங்கீர்த்தனம் பண்ற எடம்! பலகைக்கு அந்தப்பக்கம் சாமியாரு உக்காந்து பாவம் கேப்பாரு. நீ என்னத்தடி எழுதி வெச்சிருக்கே?"

மாரியம்மன் கோயில் தாண்டி எனக்கு என்ன தெரியும். இதழ் படிப்பவர்களுக்குத் தெரியும் என்பதால் ரோஸ்லின் அம்மா அந்த இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் அதையும் 'நனவிலியின் மௌனம்' என்று எழுதியிருக்கிறேன். ஐயோ.

கூரியர் ஆபீசுக்கு போன். காலையிலேயே டெலிவரியாம்.

ஜூலை 12, சனி

வெயில். ரோஸ்லின் அம்மா வரச்சொன்னார். போத்தனூரில் இறங்கி, திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை.

கதவைத் திறந்ததும், "வா கண்ணு. எங்கப்பனக் கொண்டுபோயி அங்க உக்கார வெச்சுப்போட்டியே! உசுரோட இருந்தவரைக்கும் அவரு கோயில் படியே மிதிக்கல."

மன்னிப்புக் கேட்டேன். காதில் வாங்கவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பினார். என் வரி ஒன்றின் கீழ் பென்சில் கோடு: 'அவள் சொல்வதெல்லாம் சொல்லாத ஒன்றை மூடுவதற்காக.'

"இது நெசம். அம்மா சொல்லிக்குடுத்த பாவத்தையே பத்து வருசம் ஒப்பிச்சேன். பொய் சொன்னேன், சக்கரை திருடுனேன். உள்ள இருந்தத ஒருநாளும் சொல்லல. கதை எழுதும்போதுகூட அதத்தான் மூடுறேன்னு எனக்கே தெரியல அம்மணி."

என்ன என்று நான் கேட்கவில்லை. காபி. முறுக்கு. கையெழுத்துப் போட்டார்.

"அப்பன மட்டும் எடுத்துப்போடு."

பஸ்ஸில் அப்படியொரு தூக்கம். கண்டக்டர் எழுப்பினார்.

பன்னிரண்டு பக்கத்தையும் அழித்தேன். அவர் கோடு போட்ட அந்த ஒரு வரியை மட்டும் புதுக் கோப்பில் ஒட்டினேன். தலைக்குக் குளித்தேன்.